உறுமல் நின்ற பிற்பகல்

நாங்கள் படித்த காலத்தில் பறவை என்றால் கோழி, கோழிக்கு நோய் என்றால் வெள்ளைக்கழிச்சல். அதற்குமேல் பாடமும் இல்லை, பரீட்சையில் கேள்வியும் இல்லை. நீங்கள் கூண்டுப் பறவைகளுக்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எந்தக் கிளிக்கு எந்த மருந்து எத்தனை சொட்டு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே மருந்தைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது எங்கள் புத்தகத்தில் இல்லை, உங்கள் புத்தகத்திலும் இருக்காது என்றே நினைக்கிறேன். இருந்தால் கிழவியை மன்னித்துவிட்டு மேலே படியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு அரசு கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். மாடு, எருமை, வெள்ளாடு, அப்புறம் மாடு. முரட்டுக் காங்கேயம் காளையைச் சாய்த்துப் போட்டு வைத்தியம் பார்த்துவிட்டு, கை கழுவி, மோர் குடித்துவிட்டு வருவேன். "டாக்டரம்மா கை பட்டா சரியாப் போயிருமுங்க" என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். புகழுக்கு ஆசைப்படாத வைத்தியரை நான் இன்னும் பார்த்ததில்லை.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில், ஒரு முற்பகல் வேளையில், செல்வராஜ் மருந்தகத்துக்கு வந்தான். தேங்காய்க் களமும் எண்ணெய் ஆலையும் வைத்திருக்கும் வீட்டுப் பையன். அவர்கள் மாடுகளுக்கெல்லாம் நான்தான் பார்ப்பேன். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. நானும் போய்ச் சாப்பிட்டு வந்திருந்தேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, சித்தெ ஊடு வரைக்கும் வர முடியுங்களா?"

"எந்த மாட்டுக்கு?"

"மாடு இல்லீங்க. கிளி." கொஞ்சம் தயங்கினான். "உறுமுதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கிளி கத்தும், கிளி கொஞ்சும், கடிக்கவும் செய்யும். உறுமுகிற கிளியை எங்கே போய்ப் பார்ப்பது? ஆனால் அவன் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது. தன் வீட்டுக்குள் எதுவோ நுழைந்துவிட்டது போன்ற முகம்.

வண்டியில் போகும்போது விவரம் சொன்னான். ஆடிக்குப் பிறந்த வீடு போயிருந்த அவன் மனைவி ரேவதி, மாதம் முடிந்து திரும்பும்போது, சீரோடு சீராக ஒரு கிளியும் வந்தது. ரேவதியின் அப்பா கோயமுத்தூரில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். ஒரே மகள், புது ஊரில் பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டுமே என்று பம்பாயில் யாரையோ பிடித்து, ஆப்பிரிக்கக் கிளிக் குஞ்சு ஒன்றைப் பெரிய விலை கொடுத்து வரவழைத்திருந்தார். பச்சைக்கிளி என்றால் வீட்டில் வைப்பதே குற்றம் என்று நான் சண்டைக்கே போயிருப்பேன். இது வெளிநாட்டுப் பறவை. சாம்பல் நிறம், வால் மட்டும் குங்குமம். வந்த மறுநாளே சாப்பிடுவதை விட்டுவிட்டது. கிட்டப் போனால் நாய் மாதிரி உறுமுகிறது. வீட்டில் வேலை செய்கிற பெண்கள் அந்தப் பக்கமே போக மாட்டேன் என்கிறார்களாம்.

வண்டியின் பின்னால் உட்கார்ந்து பையைப் பிடித்திருந்த என் கை வியர்த்தது. அந்தச் சாதிக் கிளியை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்த ஒரு குஞ்சுக்கு என் பையில் என்ன இருக்கிறது? எருமைக்குப் போடுகிற ஊசி இருந்தது.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புதுப்பெண் தாய் வீட்டிலிருந்து திரும்பினால் சொந்தபந்தம் எல்லாம் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகும். வந்தவர்கள் கிளியையும் பார்த்தார்கள். சும்மா பார்த்தால் மரியாதை ஆகுமா? ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். கூண்டுக்குள் பச்சைமிளகாயும் கொய்யாவும் கோவைப்பழமும் பாதி முறுக்கும் கிடந்தன. ஒரு புண்ணியவான் வெற்றிலைகூட வைத்திருந்தார்.

கூண்டு கூடத்தின் நட்டநடுவில் ஒரு முக்காலிமேல் இருந்தது. நாலு பக்கமும் ஆள். மேலே மின்விசிறி, பக்கத்தில் டி.வி. அந்தக் குஞ்சு கூண்டின் ஒரு மூலையில் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டிருந்தது. இறகெல்லாம் உடம்போடு இறுகியிருந்ததில் ஆளே பாதியாகத் தெரிந்தது. கண் முழுக் கறுப்பு. வளர்ந்த கிளிக்குக் கண் வெளுத்திருக்கும் என்று படித்திருந்தேன், ஆகவே இது வெறும் குழந்தை. நான் ஓரடி முன்னால் வைத்ததும் உறுமியது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. அடித்தொண்டையிலிருந்து வந்தது. அந்த உடம்புக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.  அறிவு ஒன்று சொன்னாலும் உடம்பு பின்னால் நகரத்தான் பார்த்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றாள் செல்வராஜின் அத்தை. அவன் அப்பாவுடன் பிறந்தவள். புதுப்பெண்ணைப் பார்க்க வந்தவர்களில் முதலில் வந்து கடைசியில் போகிற ஆள். "கிளியாட்டவா இருக்குது? கிளின்னா பச்சையா, லட்சணமா, அம்மன் தோள்ல இருக்கறாப்பல இருக்கோணும். இதென்ன, சாம்பல் பூசிட்டு வந்திருக்குது. இந்த ஊட்டுல இத்தனை வருசத்துல ஒரு ஜீவன் பட்டினி கெடந்ததில்லீங்க. எல்லாம் வந்த நேரம்."

'வந்த நேரம்' என்று சொல்லும்போது அவள் கிளியைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவோரம் நின்றிருந்த ரேவதியைப் பார்த்தாள். கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பெண் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதெல்லாம் பேசாதீங்க" என்றாள் வீட்டுக்காரி பழனியம்மாள், செல்வராஜின் அம்மா. அழுத்தமாகச் சொல்லவில்லை. களத்திலிருந்து வந்திருப்பாள்போல, தலையில் துண்டு கட்டியிருந்தாள். வலது கைப் பெருவிரலில் துணி சுற்றி மஞ்சள் ஊறியிருந்தது. "அம்மணி, ஒரு ஊசி போட்டு உடுங்க. காளைக்குப் போட்டீங்களே, ஒரே நாள்ல எந்திரிச்சுச்சே, அதாட்ட."

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஊசி போடு என்று கேட்பது நோயாளி இல்லை, பயந்துபோன வீடு. சத்து ஊசி ஒன்று கையில் இருந்தது. போட்டிருந்தால் பத்துப் பேருக்கு முன்னால் டாக்டரம்மா ஏதோ செய்தாள் என்று ஆகியிருக்கும். கிளி செத்தாலும் "அவங்களும் பாத்தாங்க, விதி" என்று முடிந்திருக்கும். நமக்குப் பாதுகாப்பு அது. ஆனால் ஊசி போட வேண்டுமானால் அந்தக் குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடிக்க வேண்டும். பட்டினியில் கிடக்கும் பறவை, பயத்தில் இதயம் தறிகெட்டு அடித்துக்கொண்டிருக்கும் பறவை, பிடித்த கையிலேயே போய்விடும். கல்லூரியில் என் கண்ணெதிரே ஒரு மணிப்புறா அப்படிப் போயிருக்கிறது. பிடித்தவர் கெட்டிக்காரர்தான். மெதுவாகத்தான் பிடித்தார்.

தொடாமல் பார்த்தேன். மூச்சு விடும்போது வால் ஏறி இறங்கவில்லை, மூக்கு ஒழுகவில்லை, கண் தெளிவாக இருந்தது. கம்பியைப் பிடித்த பிடியில் வலு இருந்தது. அடியில் விரித்திருந்த காகிதத்தில் எச்சம் கொஞ்சமே, பச்சைத் தண்ணீராக. வயிற்றில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நோய் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் என்னால் காட்ட முடியாது. பயமும் பசியும் மட்டும்தான். இந்த உறுமல் இருக்கிறவரை உடம்பில் தெம்பு இருக்கிறது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

ஆனால் எதற்கு இத்தனை பயம்? கூட்டம் ஒரு காரணம், சரி. கூட்டத்துக்கு ஒடுங்கும் குஞ்சு, ஆள் நகர்ந்ததும் கொஞ்சமாவது கொறிக்கும். இது ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டிருந்தது.

"வந்தன்னிக்குச் சாப்பிட்டுச்சா?"

"சாப்டுச்சுங்க. கரண்டில சோறு குடுத்தா வாங்குச்சுங்க" என்றான் செல்வராஜ்.

"அப்புறம் என்ன நடந்தது? யாராவது பிடித்தீர்களா, குளிப்பாட்டினீர்களா, கீழே விழுந்ததா?"

"ஒன்னும் பண்ணலைங்க" என்றான். "ஒன்னுமில்லீங்க" என்றாள் அத்தை. பழனியம்மாள் வெயிலுக்கு வியர்த்த முகத்தைத் துடைக்கத் தலைத் துண்டை அவிழ்த்து ஓர் உதறு உதறினாள்.

கிளி கம்பியில் போய் மோதியது. இறக்கையை விரித்து, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு, திரும்பவும் இந்தப் பக்கம். ரெண்டு சாம்பல் இறகு காற்றில் பறந்தது. எல்லோரும் அலறிக்கொண்டு விலகினார்கள். பழனியம்மாள் மட்டும் துண்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஏன் மறைக்க வேண்டும்?

தண்ணீர் கேட்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். ரேவதி சொம்பை நீட்டினாள். 

"அது செத்துருங்களா?"

"தெரியலை கண்ணு. இன்று பொழுது சாய்வதற்குள் ஏதாவது சாப்பிட்டால் பிழைக்கும்."

"செத்துப்போச்சுனா நான் இந்த ஊட்டுல எப்படிங்க இருக்கறது?" குரல் வெளியே வரவில்லை, காற்றுதான் வந்தது. "இப்பவே ஆலைல மோட்டார் புகைஞ்சதுக்கு என்னோட ராசிங்கறாங்க. நான் வந்ததுக்கப்புறம்தான்னு. கிளியும் போச்சுனா ஆயுசுக்கும் சொல்லுவாங்க."

"அதுக்கு என்ன நடந்ததுன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் கூடத்தின் பக்கம் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். மாமியாரைப் பார்க்கவில்லை என்று நடிக்கக்கூடத் தெரியாத வயது.

எனக்கு விஷயம் முக்கால்வாசி விளங்கிவிட்டது. துண்டு, பெருவிரல், மஞ்சள் துணி. கூடத்துக்கு வந்து பத்துப் பேர் முன்னால் "விரலில் என்ன காயம்?" என்று கேட்டிருக்கலாம். எனக்கு வாய் நீளம்தான், கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்டால் என்ன ஆகும்? நான் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவேன். மாமியாரைச் சபையில் காட்டிக்கொடுத்தது யார் என்று தேடும்போது அந்தப் பெண்தான் அகப்படுவாள். கிளியைக் காப்பாற்றிவிட்டு அவளைப் பலி கொடுத்ததாக ஆகும். நாம் பார்த்துவிட்டு வந்த பிறகும் அந்த வீடு அங்கேதான் இருக்கிறது என்பதை எந்த வீட்டிலும் மறக்காதீர்கள்.

"ஊசி இப்போது கிடையாது" என்று கூடத்தில் சொன்னேன். "கூண்டை ரேவதி அறைக்குக் கொண்டு போங்கள். சுவர் மூலை. மூன்று பக்கம் மூடி, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. உயரத்தில் வையுங்கள், யாரும் மேலேயிருந்து குனிந்து பார்க்கக் கூடாது. உள்ளே நானும் ரேவதியும் மட்டும்."

செல்வராஜுக்கு முகம் சிவந்தது. "இதுக்குத்தானுங்களா கூட்டியாந்தேன்? சும்மா பாத்துட்டு உக்காரதுக்கு?"

"ஆமாம். சும்மா உட்காரத்தான்."

"கோயமுத்தூர்ல பெரிய டாக்டர்கிட்டக் கொண்டு போயிரட்டுங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டான். எங்கள் ஊரில் வெட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் வெட்டுவார்கள். என் காது சூடானது. "கொண்டு போகலாம். காரில் ஆட்டி அலைத்துக் காங்கேயம் தாண்டும்போது செத்தால் என்னிடம் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயம் பிடித்துக்கொண்டது. இனி இந்த உயிர் என் பொறுப்பு. செத்தால் ஊசிகூடப் போடாமல் கொன்றவள் ஆவேன். ஊர் கைராசி பேசும் வேகத்தில் கைராசி இல்லாததையும் பேசும்.

கரண்டியில் சோறு வாங்கிய குஞ்சு என்றால் ஆள் கையால் ஊட்டி வளர்ந்தது. மிளகாயும் முறுக்கும் அதற்கு என்னவென்றே தெரியாது. பருப்புஞ்சோற்றைக் குழைய மசித்து, உப்பும் நெய்யும் இல்லாமல், வெதுவெதுப்பாக ஒரு சின்னக் கிண்ணத்தில் உள்ளே வைத்தோம். வைக்கும்போது ரேவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணோடு கண் பார்த்தால் அதற்குப் பயம் என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். பிறகு ரெண்டு பேரும் கூண்டுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து அதே சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு, மீதியைச் சட்டியோடு பக்கத்தில் மூடி வைத்தோம். கூட்டமாக வாழ்கிற பறவை கூட இருப்பவர்கள் தின்றால்தான் இடம் பத்திரம் என்று நம்பும். நான் கோழிகளிடம் பார்த்துத் தெரிந்துகொண்டது இது. கிளிக்கும் பொருந்துமா என்று யாரைக் கேட்பது? பொருந்தும் என்ற முகத்தை வைத்துக்கொண்டு நான் சாப்பிட்டேன். ரேவதி பிசைந்துகொண்டே இருந்தாள்.

பின்னால் உறுமல். கொஞ்சம் நிற்கும், நான் கை அசைத்தால் மறுபடி.

கதவு லேசாகத் திறந்தது. பழனியம்மாள். கையில் கரண்டி நிறைய நெருப்பு, மறு கையில் மிளகாயும் உப்பும். திருஷ்டி கழிக்க வந்திருந்தாள். நான் எழுந்து போய்க் கதவை முதுகால் மறைத்து, அவளோடு வெளி நடைக்கு வந்துவிட்டேன். மிளகாய்ப் புகை ஒரு மூச்சு உள்ளே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பறவையின் நுரையீரலுக்குப் புகையைத் தாங்கும் சக்தி கிடையாது.

"அம்மா, இந்தப் புகை அதுக்கு விஷமுங்க. நெருப்பைக் கொட்டிருங்க" என்றேன். அவர்களிடம் பேசும்போது எனக்கும் அந்தப் பேச்சு வந்துவிடும். "அதுக்குக் கண்ணு படலைங்க. பயந்திருக்குது. எதுக்குப் பயந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேனுங்க."

நடையில் வேறு யாரும் இல்லை. நெருப்புக் கரண்டியை அவள் கீழே வைத்தாள்.

"பொறந்த குழந்தைக்கு வசம்பு சுட்டு நாக்குல தேய்க்கறமில்லீங்க அம்மணி?" என்று தொடங்கினாள். "பேச்சு நல்லா வரட்டும்னு. செல்வராசுக்கு நாந்தான் தேச்சேன். கிளிக்கும் தேச்சா வெரசாப் பேசும்பாங்க. ஊட்டுக்கு வந்த குழந்தைன்னுதானுங்க நெனச்சேன். துண்டைப் போட்டு அமுக்கிப் புடிச்சு வாயைத் தொறந்து... நெம்ப நேரம் புடிச்சிப்போட்டேனுங்க. கடிச்சுப்போடுச்சு. நான் உடாம இன்னும் அமுக்கினேன். அது ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க." நிறுத்தினாள். "அன்னைக்கு வாயை மூடுனதுதான்."

"வீட்டில் யாருக்குத் தெரியும்?"

"அந்தப் புள்ளைக்குத் தெரியும். பாத்துட்டே நின்னா. வேண்டாமுங்கன்னா. நான் கேக்கலை."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"பயமுங்க" என்றாள். ஆலைக் கணக்கையும் ஆட்களையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிற மனுஷி. "கோயமுத்தூர்க்காரர் அத்தனை பணம் போட்டு வாங்கின சீவனை இவ கொன்னுட்டான்னு சம்பந்தி ஊட்டுல சொல்லுவாங்க. நம்ம சனம் என்ன பேசும்? அதுக்குள்ள இவங்க அந்தப் புள்ளை ராசின்னு பேச ஆரம்பிச்சாங்க. நான் சும்மா இருந்துட்டனுங்க."

எனக்குக் கோபம் வந்தது. நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அந்த வீட்டில் அந்த நேரம் உறுமத் தெரிந்தது கிளிக்கு மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அதே பயம், வாய்தான் இல்லை.

நான் அப்போது எடுத்த முடிவு சரியா என்று கேட்டால் இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. துண்டையும் நெருப்பையும் வெளியே போட்டுவிட்டு உள்ளே வந்து எங்களோடு உட்காரச் சொன்னேன். கிளி யாருக்கு அதிகம் பயப்படுகிறதோ அவளையே அறைக்குள் விடுவதா? வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அது இருக்கப் போவது இவளோடுதான். இன்று நான் காவல் உட்கார்ந்து தின்ன வைத்து, நாளை இவள் நிழலைக் கண்டு மறுபடி வாயை மூடினால் என்ன பிரயோசனம்?

பழனியம்மாள் வந்து, கூண்டைப் பார்க்காமல், மருமகளுக்குப் பக்கத்தில் முதுகு காட்டி உட்கார்ந்தாள். உறுமல் உச்சத்துக்குப் போனது. இறக்கை கம்பியில் அடிபடும் சத்தம். திரும்பாதீர்கள் என்று கையால் காட்டினேன். நாங்கள் மூன்று பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. இழுத்து இழுத்து வந்தது. பிறகு நின்றுவிட்டது.

கேட்பவர்களுக்கு அது நல்ல செய்தியாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உறுமல் இருக்கிறவரை தெம்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டவள் நான். இப்போது அது அடங்கியிருக்கிறதா, இல்லை விழுந்துவிட்டதா? திரும்பினால் தெரியும். திரும்பிய கணத்தில் என் கண் அதன் கண்ணில் பட்டு, அடங்கிய குஞ்சு மறுபடி மோதினால்? தாங்குகிற உடம்பா அது? விழுந்திருந்தால் இப்போதே எடுத்துக் குழாய் வைத்துப் புகட்டினால் பிழைக்க ஒரு வாய்ப்பு, தாமதித்தால் அதுவும் போகும். என் இடது கை பையின் மேல் இருந்தது. விரல்கள் அதன் வாரை முறுக்கிக்கொண்டிருந்ததை ரேவதி பார்த்தாள். என்னிடமிருந்து அவளுக்கு எந்தத் தைரியமும் போயிருக்காது.

நான் திரும்பவில்லை. பாரம் கீழே விழும் சத்தம் கேட்கவில்லை என்பது மட்டும்தான் என்னிடம் இருந்த ஆதாரம். கம்பியை விட்டு விழுந்திருந்தால் 'தொப்' என்று கேட்டிருக்கும். அந்த ஒரு கேட்காத சத்தத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் தொழிலில் சில சமயம் அவ்வளவுதான் கிடைக்கும்.

கதவுக்கு வெளியே அத்தையின் குரல் கேட்டது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுகிற குரல். "சத்தத்தையே காணோமே. போயிருச்சாட்ட இருக்குது. நான் அப்பவே சொன்னனே, இந்தப் புள்ளை காலெடுத்து வச்ச நேரமே சரியில்லைன்னு. மோட்டாரு புகைஞ்சுது, இப்ப வாயில்லா சீவன். இன்னும் என்னென்ன போகோணுமோ."

ரேவதியின் கை தட்டில் அப்படியே நின்றது.

பழனியம்மாள் எழுந்தாள். எனக்கு உயிரே போனது. அவள் வெடுக்கென்று எழுந்திருந்தால் எல்லாம் பாழ். ஆனால் கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு எழுகிறவள் போலத் தரையில் கை ஊன்றி, சேலை சரசரக்காமல் எழுந்தாள். கதவைத் திறந்து வெளியே போய்ச் சாத்தினாள். குரல் உயரவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே கேட்டது.

"அந்தப் புள்ளையைச் சொல்லாதீங்க."

"நான் என்னங்க நங்கையா சொல்லிப்போட்டேன்..." அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம்.

"நாந்தான் அதும் வாயைத் தொறந்து வசம்பைத் தேச்சேன். துண்டைப் போட்டு அமுக்கினேன். விரல்ல அருவாமனை பட்டுதுன்னு சொன்னது பொய், அதுதான் கடிச்சுது. அவ வேண்டாம்னா. நான் கேக்கலை. செத்துருந்தா என்ற கையால செத்துது. அவ ராசியில இல்லை. செல்வராசு, நீயும் கேட்டுக்க. இனி இந்த ஊட்டுல ராசிப் பேச்சுப் பேசற ஆரும் வாசப்படி ஏற வேண்டாம்."

அவளுக்கும் கிளி செத்துவிட்டது என்றே நினைப்பு. பிழைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு உண்மை பேசுவது சுலபம். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை.

 அந்த வீட்டில் நான் போனதிலிருந்து அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. அப்போதுதான் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கிண்ணத்தின் விளிம்பில் ஏதோ இடித்தது. மறுபடி இடித்தது. அப்புறம் ஈரச் சோற்றை நாக்கால் மசிக்கும் ஒரு சின்னச் சத்தம்.

ரேவதி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் ஒழுகியது, துடைக்கவில்லை. அவளும் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை.

கதவு திறந்தது. பழனியம்மாள் நிலையிலேயே நின்றாள். அவளுக்கு மட்டும்தான் கூண்டு நேராகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு பார்வையைத் தழைத்துக்கொண்டு மெல்ல வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். பிசைந்த சோறு பிசைந்தபடியே காய்ந்து கிடந்தது. கிளி சாப்பிட்டதா, கிளி சாப்பிட்டதா என்று அந்த வீட்டில் கேட்காத ஆள் இல்லை. நான் உட்பட.

"நீ எப்பக் கண்ணு சாப்ட்ட?" என்றாள் பழனியம்மாள்.

ரேவதி யோசித்துப் பார்த்துவிட்டு நினைவில்லை என்று தலையை ஆட்டினாள். பழனியம்மாள் மஞ்சள் துணி சுற்றிய விரலை மடக்கிக்கொண்டு, மற்ற விரல்களால் சட்டியிலிருந்து வெதுவெதுப்பாகக் கொஞ்சம் சோறு எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

"சத்தம் போடாமச் சாப்புடு" என்றாள். "அது பயந்துக்கும்."